மூளைக்காரச் சோம்பேறிப் பையன் துப்பறியும் கதை: படிப்படியாக எழுதுவது எப்படி

மூளை அபாரம், ஆனால் எதற்கும் எழுந்திருக்க மாட்டான். இப்படி ஒரு பதினாறு பதினேழு வயதுப் பையனை வைத்துத் துப்பறியும் கதை எழுதப் புதியவர்கள் பலருக்கு ஆசை. அவர்கள் அனுப்பும் கைப்பிரதிகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கதை சாய்கிறது. முதல் பக்கத்தில் மதியம்வரை தூங்கும் பையன், குற்றம் நடந்த மறு பக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க விசாரிக்கிறான். சோம்பல் போன இடம் தெரியவில்லை.

அந்தச் சோம்பல் கடைசிப் பக்கம்வரை இருக்க வேண்டும். அதுமட்டும் போதாது, வழக்கை அவிழ்ப்பதும் அதுவாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றினால் பின்னால் நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும்.

விளக்கத்துக்காக ஒரே உதாரணக் கதையைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறு நகரம். மகளிர் சுய உதவிக் குழுவின் பணம் 38,000 ரூபாய், குழுவின் பொருளாளரான ஓர் ஆச்சியின் பீரோவிலிருந்து காணாமல் போகிறது. பேரன் குமரன்தான் நம் ஆள்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு தெரு. எந்த வீட்டு வாசலில் நின்றால் எது தெரியும், எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்காமலே சொல்ல முடிகிற தெருவாக இருக்க வேண்டும். துப்பறியும் கதை இடத்தையும் நேரத்தையும் நம்பி நிற்பது. தெரியாத ஊரில் வைத்தால் ஒவ்வொரு பத்தியிலும் ஊகிக்க நேரும், வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து ஒரு தினசரிக் காலண்டர். தேதியும் கிழமையும் முடிவாகாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பள்ளி நாளா, விடுமுறையா, முகூர்த்த நாளா, ரேஷன் கடை திறந்திருக்கும் நாளா என்பதெல்லாம் கதையின் எலும்பு. குமரன் காலை 10 மணிக்கு வீட்டில் தூங்க வேண்டும் என்றால் அது மே மாதமாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல், திங்கட்கிழமை காலை 11 மணிக்கு பிளஸ் ஒன் பையனை டீக்கடையில் நிற்க வைத்த கைப்பிரதிகள் பல.

மூன்றாவது, நேரம் குறிக்க ஒரு பெரிய தாள். இதை ஃபோனில் குறிக்காதீர்கள். எல்லா நேரமும் ஒரே பார்வையில் தெரிந்தால்தான் முரண்பாடு கண்ணில் படும்.

2. குற்றவாளியின் நாளை முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் நாயகனிலிருந்து தொடங்குகிறார்கள். அவனுடைய தலைமுடி, ஹெட்ஃபோன், கேலிப் பேச்சு என்று பத்துப் பக்கம் ஓடும். பிறகுதான் ஒரு குற்றத்தைத் தேடுவார்கள். அப்படிக் கிடைக்கும் குற்றம் அவனுக்காக வளைக்கப்பட்டதாகவே இருக்கும்.

குற்றவாளியிலிருந்து தொடங்குங்கள். அவர் யார், அவருக்குப் பணம் எதற்கு, அன்றைக்கு எத்தனை மணிக்கு என்ன செய்தார்? இந்தப் பகுதியை வாசகர் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முழுதாக எழுதி வையுங்கள்.

நம் கதையில் மாடி வீட்டில் குடியிருக்கும் அண்ணன்தான் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கல்யாணம். மனைவியின் செயின் அடகில் இருக்கிறது. வெறும் கழுத்தோடு பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று அவள் அழுகிறாள். கல்யாணம் முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று அவர் நினைக்கிறார். இப்போது அவருடைய நாள்:

புதன் மாலை 6 மணி: கடைவீதி ஜெராக்ஸ் கடையில் கணக்கு நோட்டைப் பிரதி எடுக்கிறார். இரவு 8 மணி: ஆச்சி பணத்தை எண்ணி பீரோவில் வைப்பதைப் பார்க்கிறார். வியாழன் காலை 10.30: ஆச்சி ரேஷன் கடைக்குக் கிளம்புகிறார். 10.40: அண்ணன் கீழே இறங்குகிறார். அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் சாவி. 10.50: மாடிக்குத் திரும்பிவிட்டார். வெள்ளி: நகையை மீட்கிறார்.

அந்த வாரம் முழுக்க ஆச்சி வீட்டைவிட்டு வெளியே போனது அந்த வியாழன் காலை மட்டும்தான். பணம் இல்லை என்று தெரிவது எட்டு நாள் கழித்து, குழுக் கூட்டத்தில். அந்த எட்டு நாள் இடைவெளி ஏன் என்பதை 7ஆம் படியில் சொல்கிறேன்.

காரணம் மனிதத்தன்மையோடு இருக்கட்டும். பேராசை பிடித்தவன் திருடினான் என்றால் அவிழ்க்கும்போது வாசகருக்கு எந்த வலியும் வராது.

3. அவர் சொல்லும் பொய்யில் ஒரே ஒரு ஓட்டை வையுங்கள்

பணம் போனது தெரிந்ததும் வீட்டுக்குள் வந்து போகிற எல்லோரையும் கேட்கிறார்கள். அண்ணன் சொல்கிறார்: “வியாழக்கிழமை 11 மணிக்கு நான் ஜெராக்ஸ் கடையில நின்னேன், இதோ பாருங்க.” கையில் பிரதிகளின் கட்டு. கடைக்கார அண்ணாச்சியும், “அடிக்கடி வருவாரு, அன்னைக்கும் வந்திருப்பாரு” என்கிறார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நாள் நினைவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டை எங்கே? அந்த வியாழன் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி. காலை 9 முதல் மதியம் 2 மணிவரை கடைவீதி உட்படக் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடியிருக்க முடியாது.

இந்த மாதிரி ஓட்டைதான் வேண்டும்: நம் ஊர் வாசகர் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம். அபூர்வ விஷம், கைரேகைப் பொடி, சங்கேதக் குறிப்பு எல்லாம் வேண்டாம். பதினாறு வயதுப் பையனிடம் ஆய்வுக்கூடம் இல்லை. வாசகரிடமும் இல்லை.

ஓட்டையைத் தேர்ந்ததும் வாசகர் கேட்கப்போகும் கேள்விகளை நீங்களே கேட்டு அடையுங்கள். “கடையில் இன்வெர்ட்டர் இருந்தால்?” சாதாரண இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் தாங்கும். ஜெராக்ஸ் மெஷின் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. “ஜெனரேட்டர்?” வேறொரு மின்தடை நாளில், கரண்ட் இல்லை என்று சிலேட்டில் எழுதி வைத்துவிட்டு அண்ணாச்சி வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்றை முன்னாலேயே காட்டிவிடுங்கள். கேள்வி முடிந்தது.

4. அவன் ஏன் எழுந்திருப்பதில்லை என்பதை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். “அவனுக்கு எதிலும் ஆர்வமில்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நிஜத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகள் பல வகை. எந்த வகை என்று தெரிந்தால்தான் அவன் எப்படி யோசிப்பான் என்பது தெரியும்.

ஒருவன் சின்ன வகுப்புகளில் படிக்காமலே முதல் மதிப்பெண் வாங்கியவன். உழைத்துப் பழக்கமே இல்லை. பத்தாம் வகுப்புக்குமேல் பாடம் கடினமானதும், முயன்று தோற்பதைவிட முயலாமல் இருப்பது பாதுகாப்பு என்று ஒதுங்கிவிட்டான். இவன் துப்பறியும்போதும் தன் விடையைச் சத்தமாகச் சொல்லப் பயப்படுவான். தப்பாகிவிட்டால்?

இன்னொருவன் ஒப்பிட்டு ஒப்பிட்டே களைத்துப்போனவன். அக்கா மெடிக்கல் காலேஜ், சித்தப்பா மகன் ஐ.ஐ.டி. இவன் தன் திறமையை ஒளித்து வைப்பான். தெரிந்தால் மறுநாளே கோச்சிங் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். வழக்கை அவிழ்த்தாலும் பெயர் வெளியே வரக் கூடாது என்பான்.

மூன்றாவது வகைக்கு உடம்பே காரணம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இரவு 12 மணிக்குமேல் தூக்கம் வரும் பிள்ளையைக் காலை 5 மணிக்குப் படிக்க எழுப்பினால் முதல் பாடவேளையில் அது தூங்கத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்று ஊர் சொல்லும். இரவில் விழித்திருப்பவன் என்றால் இரவில் நடப்பதை அவன் மட்டுமே கேட்டிருப்பான், அதையும் கவனியுங்கள்.

பெண் பிள்ளையை நாயகியாக வைக்கிறீர்களா? தாராளமாக வையுங்கள், இன்னும் நிறைய எழுத வேண்டும் அப்படி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஆண் பிள்ளை மதியம்வரை படுத்திருந்தால் ஒரு திட்டோடு போகும். பெண் பிள்ளையை விடமாட்டார்கள், பாத்திரம் கழுவ எழுப்புவார்கள். அவள் படுக்கையிலிருந்து துப்பறிய முடியாது. வேலை செய்துகொண்டே, யாரும் தன்னைக் கவனிக்காத இடத்தில் நின்று காது கொடுப்பாள்.

குமரன் இந்தக் கதையில் முதல் வகை. இப்போது 3ஆம் படியையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். மே மாத வெயிலில் காலை 9 மணிக்கு ஃபேன் நின்றது ஊருக்கே மறந்துபோய்விட்டது. குமரனுக்கு மறக்காது. அவன் தூக்கம் கலைந்ததும், தலையணையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் வேப்பமரத்தடிக்குப் போய்ப் படுத்ததும் அன்றைக்குத்தான். வீடு காலியாக இருந்ததற்கும் அதுவே காரணம். சுறுசுறுப்பான பையனாக இருந்தால் அந்த நேரத்தில் கிரிக்கெட் மைதானத்தில் இருந்திருப்பான், கரண்ட் போனதே தெரிந்திருக்காது. சோம்பல் வழக்கை அவிழ்க்க வேண்டும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

உங்கள் கதையிலும் இதைச் சோதித்துப் பாருங்கள்: நாயகனின் இடத்தில் நன்றாகப் படிக்கும், காலையில் எழும் ஒரு பிள்ளையை வைத்தால் அவனும் இதே வழியில் கண்டுபிடிப்பானா? ஆம் என்றால் 3ஆம் படிக்குத் திரும்பி ஓட்டையை மாற்றுங்கள்.

5. அவனை எழ வைக்கும் காரணங்கள் இரண்டு வேண்டும்

ஒன்று மேலே தெரிவது, அவன் வாயாலேயே சொல்வது. அது சுயநலமாக, சின்னதாக இருக்க வேண்டும். குழுப் பெண்கள் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சத்தம் போடுகிறார்கள், அவனால் படுக்க முடியவில்லை. “இது முடிஞ்சாத்தான் நான் தூங்க முடியும்” என்கிறான்.

இன்னொன்று அடியில் கிடப்பது. அவன் அதைச் சொல்லவே கூடாது. ஆச்சிதான் தினமும் காலையில் “ஏல, எந்திரிலே” என்று கத்துகிறவர். பணம் போனதிலிருந்து அவர் எழுப்ப வருவதில்லை. அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் குமரன் யாரும் கூப்பிடாமல் தானாக விழிக்கிறான். வாசகருக்குப் புரிந்துவிடும், விளக்க வேண்டாம்.

மேல் காரணம் மட்டும் இருந்தால் கதை வெறும் புதிர். அடிக் காரணத்தை நேரடியாகச் சொல்லிவிட்டால் பையன் ஒரே நாளில் திருந்தியது போலாகிவிடும். இதில் அதிகம் வழுக்குபவர்கள் பரிசுத் தொகை, சவால், போலீஸ் அதிகாரியின் பாராட்டு என்று வெளியிலிருந்து காரணம் கொண்டுவருகிறவர்கள். அவற்றுக்கு எழுந்திருக்கிறவன் என்றால் பள்ளிக்கூடத்திலேயே எழுந்திருப்பானே.

6. அலைவதற்கு வேறு ஆள் வேண்டும்

குமரன் நடக்க மாட்டான். அதனால் கேள்வி கேட்கவும் பொருள் எடுத்துவரவும் ஒருவர் தேவை. பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் போதும். அவளை வெறும் தூதுவராக்காதீர்கள். அவளுக்கென்று ஒரு கருத்து இருக்கட்டும், ஓரிடத்தில் அவனைவிடச் சரியாக யோசிக்கட்டும். மேதையின் மேதைமை எதிரில் இருப்பவர் மக்காக இருப்பதால் தெரியக் கூடாது.

இவள் இன்னொரு வகையிலும் உதவுவாள். குமரன் மனதுக்குள் நினைப்பதையெல்லாம் எழுதினால் விடை முன்பே தெரிந்துவிடும். அவளுடைய கண்ணால் கதை சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை.

7. பெரியவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

ஒவ்வொரு துப்புக்கும் எதிரே இந்தக் கேள்விக்கான பதிலைத் தாளில் எழுதுங்கள். “அவர்கள் முட்டாள்கள்” என்பது பதிலாகாது.

எட்டு நாள் இடைவெளி இதற்காகத்தான். மறுநாளே திருட்டு தெரிந்தால் ஊரே “நேத்து கரண்டே இல்லையே” என்று சொல்லிவிடும். எட்டு நாளில் கிழமைகள் குழம்பிவிடும். அதோடு, கணக்கு எழுதுகிற அண்ணன்மேல் எல்லோருக்கும் மரியாதை. அவர் சொன்னதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. குமரனுக்கு மட்டும் தோன்றுவது ஏன்? வேலை செய்யாமலே செய்ததாகக் காட்டுவது எப்படி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தேதி போடாத ஹோம்வொர்க்கை எத்தனை முறை காட்டியிருப்பான்! பிரதிகளின் கட்டைப் பார்த்ததும் அவன் தேடுவது தேதியைத்தான்.

கடையில் சி.சி.டி.வி. வைத்துவிடாதீர்கள். 9 முதல் 2 மணிவரை பதிவு இல்லை என்பதை எந்தப் பெரியவரும் பார்த்துவிடுவார், கதை அங்கேயே முடிந்துவிடும். வேறு கதையில் கேமரா தேவைப்பட்டால் இரண்டை நினைவில் வையுங்கள்: ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவுமேல் புதியது ஏறிவிடும். ரெக்கார்டரின் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின்னாக ஓடுவதும் சகஜம். இரண்டுமே நல்ல துப்புகள்.

8. துப்புகளை வேலைகளுக்குள் ஒளித்து வையுங்கள்

முக்கியமான துப்பு மூன்று இடத்தில் வர வேண்டும். முதல் முறை யாரும் கவனிக்காதபடி, இரண்டாம் முறை வேறு அர்த்தத்தில், மூன்றாம் முறை வெளிப்படையாக. ஒருமுறை மட்டும் வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

முதல் முறை, புதன் இரவு ஆச்சி கிரைண்டரில் மாவாட்டுகிறார். “நாளைக்குக் கரண்டு கெடையாதாம்ல, மோட்டாரப் போட்டுத் தொட்டிய நெறச்சிட்டுப் படு” என்கிறார். குமரன் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கிறான். தண்ணீர் வழிகிறது, திட்டு விழுகிறது. வாசகர் கவனம் முழுக்கத் திட்டிலும் அவன் சோம்பலிலும் போய்விடும். கரண்ட் பற்றிய வரி கண்முன்னே ஒளிந்திருக்கும்.

இரண்டாம் முறை, வேப்பமரத்தடியில் தூங்கியதற்காகக் குழுப் பெண்கள் அவனையே சந்தேகிக்கிறார்கள். “வீட்ல ஆம்பளப்பய இருந்தும் இப்படியா?” இங்கே துப்பு அவனுக்கு எதிரான குற்றச்சாட்டாக வருகிறது. மூன்றாம் முறை வருவது அவிழ்க்கும் காட்சியில், அதை 10ஆம் படியில் சொல்கிறேன்.

துணைத் துப்பான செயினையும் இதே மாதிரி வையுங்கள். கல்யாண ஆல்பத்தைக் காட்ட மாடி மதினி வரும்போது கழுத்தில் செயின் மின்னட்டும், ஆச்சி அதைப் பார்த்து மனதாரச் சந்தோஷப்படட்டும். அடகு பற்றிய பேச்சு அதற்கு முன் ஏதோ ஓர் அத்தியாயத்தில் காய்கறிக்காரரிடம் பேசும்போது வந்திருக்க வேண்டும்.

துப்பை நாயகன் “உற்றுப் பார்த்தான்” என்று எழுதினால் வாசகர் உஷாராகிவிடுவார். அந்த வினையையே வெட்டிவிடுங்கள்.

9. சட்டத்தைச் சரியாக வையுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும் கதையில் திருட்டுக்கு 379, 380, மோசடிக்கு 420 என்று எழுதினால் தவறு. இப்போது திருட்டு 303, வீட்டுக்குள் நடக்கும் திருட்டு 305, மோசடி 318, கொலைக்குத் தண்டனை 103. பேச்சில் “ஃபோர் ட்வென்டி” என்பது இன்னும் வரலாம், எஃப்.ஐ.ஆரில் வரக் கூடாது.

சாட்சிகள் விஷயத்தில் பெரிய பிழைகளைப் பார்க்கிறேன். 15 வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளையையும், 60 வயதுக்கு மேற்பட்டவரையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். ஆகவே ஆச்சியை விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கும் காட்சி எழுதினால், அது சட்டமீறல் என்று தெரிந்தே எழுதுங்கள். கதையில் யாராவது அதைக் கேட்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பல நேரம் கையில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். அப்புறம். இரண்டும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில்தான் குமரன் போன்றவர்களுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது.

இன்னொன்று, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதன் மூலம் கண்டெடுக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பு உண்டு. அதனால் “அவன் ஒத்துக்கொண்டான்” என்று கதையை முடிக்காதீர்கள். ஒரு பொருளோ ஒரு தாளோ கையில் கிடைக்க வேண்டும். நம் கதையில் அது வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட அடகுக்கடை ரசீது.

10. அவிழ்க்கும் காட்சி குட்டையாக இருக்கட்டும்

எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து நாயகன் உலாவிக்கொண்டே விளக்குவது இவனுக்குப் பொருந்தாது. தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிற பையன் கூட்டத்தில் பேச மாட்டான். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து, இறங்கி வரும் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “அண்ணே, அன்னைக்கு ஜெராக்ஸ் எடுக்கும்போது கரண்டு எப்போ வந்துச்சு?”

அந்தக் கேள்விக்குப் பிறகு அண்ணன் முகத்தை எழுதுங்கள், விளக்கத்தைப் பிறகு நாலு வரியில் சொல்லிக்கொள்ளலாம். பணத்தை என்ன செய்வது, ஆச்சியிடம் யார் சொல்வது, ஸ்டேஷனில் கொடுத்த புகார் என்ன ஆகும் என்பவை இப்போது குமரன் முன்னால் நிற்கும். விடை கண்டுபிடிப்பது அவனுக்கு எளிது. இந்த முடிவு எளிதல்ல, தள்ளிப்போடவும் முடியாது. அத்தியாயத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். மாடி மதினி செயினைக் கழற்றும் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும் பையனைத் திருத்திவிடாதீர்கள். “அன்றிலிருந்து காலை 5 மணிக்கு எழுந்து படித்தான்” என்ற வரி வந்தால் 4ஆம் படியில் செய்த வேலையெல்லாம் வீண்.

11. திருத்தும்போது

கதையைக் கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதல் அத்தியாயம்வரை பின்னோக்கிப் படியுங்கள். அவிழ்க்கும் காட்சியில் சொல்லும் ஒவ்வொரு விஷயமும் எந்தப் பக்கத்தில் முதலில் வந்தது என்று ஓரத்தில் எண் போடுங்கள். எண் இல்லாத விஷயம் இருந்தால் முன்னால் போய் நட வேண்டும்.

அடுத்து “புத்திசாலி”, “மேதை”, “அபார மூளை” என்று கதைக்குள் வரும் இடங்களைத் தேடி அழியுங்கள். ஆசிரியர் திட்டும்போது மட்டும் “மூளை இருந்து என்னலே பிரயோசனம்” என்று ஒருமுறை வரலாம். மற்றபடி அவன் செய்வதிலிருந்தே தெரிய வேண்டும்.

கடைசியாக, துப்பறியும் கதையே படிக்காத ஒருவரிடமும் நிறையப் படிக்கும் ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் எங்கே குழம்பினார், இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் குற்றவாளியைச் சொன்னார் என்று மட்டும் கேளுங்கள். கதையின் முதல் பாதியிலேயே சொல்லிவிட்டால் மாவாட்டும் காட்சியில் திட்டை இன்னும் இரண்டு வரி நீட்டிவிட்டு, வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.